எல்லாத்தையும் சுட வேணாம் ப்ரோ

வியாசர்பாடி படிப்பகத்துல ஞாயித்துக்கிழமை ஏவுகணைத் தடுப்பு பத்திப் பேச உக்காந்தா, ஒருத்தர் பெட்ரோல் விலைக்குப் போறார், இன்னொருத்தர் முதல் உலகப் போர்ல சென்னை மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனுக்குப் போறார், கடைசியில சட்டையைப் பிடிக்கிறாங்க, இதை எப்படி அடக்குறதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க ராயபுரம் டீக்கடை பெஞ்சிலயும் இதே கதைதான்.

எல்லார் வாயையும் அடைக்கப் பாக்காதீங்க. இஸ்ரேலோட ராக்கெட் தடுப்பு அமைப்பான அயர்ன் டோமே வர்ற ராக்கெட் அத்தனையையும் அடிக்காது. ரேடார் பார்த்து, எங்க விழும்னு கணக்குப் போடும். வெட்டவெளின்னா விட்டுடும், ஊருக்குள்ளன்னா சுடும். தடுக்குற ஏவுகணையோட விலை, வர்ற ராக்கெட்டை விடப் பல மடங்கு ஆச்சே! அதே மாதிரி பெட்ரோல் பேச்சையும் வெட்டவெளின்னு விட்டுடுங்க, தானா ஓஞ்சிடும். சாதி, குடும்பம்னு ஆள் மேல பாய்ஞ்சா மட்டும் உடனே நிறுத்துங்க.

எம்டன்காரர் விஷயம் வேற. அவரை நான் விலக்கவே மாட்டேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்து எண்ணெய் டாங்க் எரிஞ்ச கதை, தலைப்புக்குப் பக்கத்து வீடுதான். “சரிண்ணே, அன்னிக்குக் கடல்ல இருந்து வந்த குண்டைத் தடுக்க என்ன இருந்துச்சு? இன்னிக்கு எஸ்-400ங்கிற வான் பாதுகாப்பு அமைப்போட ஏவுகணை 400 கிலோமீட்டர் வரைக்கும் போகுதே?”ன்னு கேட்டுப் பாருங்க. அவரே வண்டியைத் திருப்பிடுவார்.