பேத்திக்குப் பட்டமளிப்பு, பிளஸ் டூவிலேயா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு மே மாதம் போகிறோம். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். அதற்குப் போய் கறுப்பு அங்கி, தொப்பி, மேடை என்று பட்டமளிப்பு விழாவாம். பிளஸ் டூவுக்கு எதற்கு இந்த அமர்க்களம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நம் ஊரில் ரிசல்ட் வரும் நாள்தான் விழா. மார்க் என்ன என்று நாலு பேர் போன் பண்ணுவார்கள், அப்புறம் கவுன்சலிங். அங்கே ஊருக்கெல்லாம் ஒரே நாளில் ரிசல்ட் என்பது கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம் பாடம் பாடமாகச் சேர்த்த கிரெடிட்டுகளை எண்ணித்தான் முக்கியமாகத் தேர்ச்சி. அதோடு இலவசப் படிப்பு முடிகிறது, பல பிள்ளைகள் வெளியூர் கல்லூரிக்குக் கிளம்புகின்றன. ஆகவே இது பட்டம் கொடுப்பதைவிட வழியனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கி கறுப்பாகத்தான் இருக்கும் என்றில்லை, பெரும்பாலும் பள்ளியின் நிறத்தில் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக நுழையும்போது ஒரு கம்பீரமான பேண்டு இசை வாசிப்பார்கள். எட்வர்ட் எல்கர் என்ற ஆங்கிலேயர் 1901-இல் அமைத்தது, 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது வாசித்ததிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒட்டிக்கொண்டது. அதன்பின் முதல் மாணவரின் பேச்சு, பிறகு பெயர் வாசிப்பு. இதுதான் நீளம். நூற்றுக்கணக்கான பெயர்கள், பெரும்பாலும் கடைசிப் பெயரின் அகர வரிசையில். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக அப்பா பெயர்தானே கடைசிப் பெயர், எனவே மாப்பிள்ளை வெங்கடேசன் என்றால் கிட்டத்தட்ட கடைசி வரை உட்கார வேண்டும், அருணாசலம் என்றால் சீக்கிரமே வந்துவிடும், பராக்குப் பார்த்தால் போச்சு. பெயரை எப்படி உச்சரிப்பது என்று பேத்தி ஒரு சீட்டில் எழுதி வாசிப்பவர் கையில் கொடுப்பாள். அப்படியும் கடித்துத்தான் துப்புவார்கள். கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்வார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.

கையில் வாங்கும் அட்டைக்குள் சான்றிதழ் இல்லையே என்று பதறாதீர்கள். பல பள்ளிகளில் மேடையில் கொடுப்பது வெறும் அட்டைதான், நூலகப் புத்தக பாக்கியெல்லாம் தீர்த்த பிறகு அசல் வரும். விழா ஸ்டேடியத்தில் என்றால் மே மாத டெக்சாஸ் வெயில் நம்மூருக்குச் சளைத்ததில்லை. நுழைவுச்சீட்டு குடும்பத்துக்கு இத்தனைதான் என்று அளந்து கொடுக்கும் பள்ளிகள் உண்டு, மகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். முறுக்கு டப்பா கொண்டுபோனால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடக்கூடும்.

கேள்வி: தொப்பியை வானத்தில் எறிகிறார்களே, அது என்ன சம்பிரதாயம்?
- வாசகர், மதுரை

பதில்: அமெரிக்கக் கடற்படை அகாடமியில் 1912-இல் தொடங்கியது என்பார்கள். அந்த வருடம் படிப்பு முடிந்த கையோடு அதிகாரிப் பதவியும் புதுத் தொப்பியும் கிடைத்ததால் பழையது வேண்டாதது ஆனது, எறிந்தார்கள். பட்டத் தொப்பியின் மூலை கூரானது, கண்ணில் பட்டுவிடும் என்று சில பள்ளிகள் எறியக் கூடாது என்கின்றன. குஞ்சலத்தை வலமிருந்து இடத்துக்கு மாற்றுவது மட்டும் நடக்கும். அதற்குப் பிறகுதான் பிள்ளை தேறியதாகக் கணக்கு.

கேள்வி: பேரனுக்கு என்ன பரிசு தரலாம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: வாழ்த்து அட்டைக்குள் பணம், அங்கேயும் அதுதான் வழக்கம். மொய்ப் பழக்கத்தில் 101 டாலர் வைத்தால், அந்த ஒரு டாலர் எதற்கு என்று பேரன் கேட்பான்.