எரிபொருள் கிடங்குக்குப் பக்கத்துக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் இல்லை என்றால் பயமில்லையா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் எரிபொருள் தொட்டிகள் இருக்கும் இடத்தில் நிலத்தடி நீரை எப்படிக் கண்காணிப்பது, படலம் தெரியாவிட்டால் போதுமா என்பது கேள்வி.

போதாது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். ஆனால் பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு ரசாயனம் தண்ணீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகரும், கண்ணுக்குத் தெரியாது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்குத் தெரிய அதைவிடப் பல மடங்கு வேண்டும்.

குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. அப்போதுதான் நீர் ஓடும் திசை தெரியும். கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுக்க மூழ்கிவிட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது. அறிக்கையில் 'சுத்தம்' என்று வந்துவிடும்! சொதப்புவதற்கு ரொம்ப வசதியான இடம் இதுதான்.

நம் கடற்கரை மணல் பூமியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி மணலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும்.

அப்புறம், மாதிரிக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சுவதும் வழியல்ல, பென்சீன் ஆவியாகி அடுப்படிக் காற்றில்தான் கலக்கும்.