சேமிப்பை வீட்டுப் பணியாளரின் சம்பளத்தில் தொடங்க வேண்டாம்

பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணத்திற்காக, மே மாதம் நீங்கள் ஊருக்குச் செல்லும் நாட்களுக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அவர் வேலைக்கு வரத் தயாராகவே இருக்கிறார். வேண்டாம் என்பது நீங்கள்தான். அந்த மாதமும் அவருக்கு வீட்டு வாடகை உண்டு, ஜூனில் அவர் பிள்ளைகளுக்கும் பள்ளி திறக்கும். முழுச் சம்பளம் உண்மையிலேயே இயலாதென்றால், அவர் வேறு வீட்டில் வேலை தேடிக்கொள்ள அவகாசம் இருக்கும்படி ஏப்ரல் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

உங்கள் கணக்கில் பெரிய தொகை பள்ளிக்கே போகிறது என்பதால், குறைக்க வேண்டிய இடமும் அதுதான். முதல் வகுப்பில் சேரவிருக்கும் சின்னவரை அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதை, நேரில் சென்று ஆசிரியர்களைப் பார்த்துப் பேசிய பின், தயக்கமின்றிப் பரிசீலியுங்கள். பாடநூலும் சீருடையும் விலையின்றிக் கிடைப்பதோடு, 2022 முதல் காலை உணவுத் திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. பெரியவருக்குச் சென்ற ஆண்டு மாணவர்களின் புத்தகங்களைக் கேட்டு வாங்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்று: வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தமிழ்நாட்டில் நல வாரியம் இயங்குகிறது. பதிவு செய்த உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அந்த அம்மா பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையெனில் விண்ணப்பத்தை நிரப்ப உடனிருந்து உதவுங்கள்.