21 அடி விதி: ஆய்வு முடிவா, பயிற்சித்திடல் கணக்கா?

கேள்வி: துணைக் காவல்துறையில் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். கத்தியுடன் ஒருவர் 21 அடிக்குள் வந்துவிட்டால் சுடலாம் என்று ஆய்வே சொல்வதாகச் சிலர், இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வாதிடுகின்றனர். என்ன பதில் சொல்வது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், பயிற்சி பெற்றவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து இருமுறை குறிபார்த்துச் சுடுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும் என்றும், அதே நேரத்தில் உடல்வலுவுள்ள ஒருவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஓடிக் கடந்துவிடுவார் என்றும் குறிப்பிட்டார். அது பயிற்சித்திடலில் எடுத்த அளவீடு. கட்டுப்பாடுகளுடன் நடத்திய அறிவியல் சோதனையன்று. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து விலகவும் மறைவிடம் தேடவும் வேண்டும் என்பதே அவர் அறிவுரை. சுடுவதற்கான எல்லைக்கோடாக அதை மாற்றியவை பின்னாளைய வகுப்பறைகள்.

மேலும், அந்த ஒன்றரை விநாடி, சுடப்போகிறோம் என்று தெரிந்து காத்திருப்பவருடையது. எதிர்பாராமல் தாக்கப்படும் அதிகாரிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், 21 அடி அவரைக் காக்கும் என்றும் சொல்வதற்கில்லை. நடுவே ஒரு கார் நின்றாலோ கணக்கே வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் குறுகலான தாழ்வாரத்தில் பக்கவாட்டில் ஒதுங்கக்கூட இடமிராது. அமெரிக்காவிலேயே, காவல்துறை நிர்வாகிகள் ஆய்வு மன்றம் 2016இல் இவ்விதியைக் காலாவதியான கருத்து என்று கூறி, தூரம், மறைவு, நேரம் ஆகியவற்றைக் கற்பிக்கப் பரிந்துரைத்தது.

தெரிவுகள் கூடினால் முடிவெடுக்கத் தாமதமாகும், ஆகவே உத்திகளைக் குறைத்தே கற்பிக்கவேண்டும் என்ற வாதத்தையும் இப்படியே அணுகுங்கள். 1952இல் ஹிக் என்ற உளவியலாளர், ஆய்வுக்கூடத்தில் விளக்குகளையும் விசைகளையும் வைத்துக் கண்ட முடிவு அது. பல்லாயிரம் முறை பழகியபின் இரண்டு தெரிவுகளுக்கும் நான்கு தெரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு மறைவதை 1959இல் மௌபிரே, ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் காட்டினர். (அதுவும் ஒரே ஒருவரிடம் செய்த சோதனை, நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக அதற்குச் சலுகை தரவேண்டாம்.)

உங்கள் வகுப்பில் போலித் துப்பாக்கியையும் பணியில் அணியும் உறையையுமே கொண்டு, சைகை கொடுத்து ஒருமுறையும் சொல்லாமல் ஒருமுறையும் நேரத்தை அளக்கச் செய்யுங்கள். இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு, இவற்றில் எது 'விதி' என்று அவர்களையே கேளுங்கள். சுடலாமா என்பதைச் சட்டமும் உங்கள் படையின் நிலையாணைகளும் தீர்மானிக்கின்றனவே தவிர, அளவுநாடா தீர்மானிப்பதில்லை என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.