பனியில் சிக்கிய படமும் 15 ஆண்டு ஒப்பந்தமும்

கேள்வி: மூன்று பேர், ஒரு பழுதான கார், ஓர் இரவுப் பனிப்புயல். இதை வைத்து நண்பர்கள் சேர்ந்து சின்ன பட்ஜெட்டில் ஒரு த்ரில்லர் எடுத்து முடித்துவிட்டோம். ஒரு விற்பனை ஏஜென்ட் 15 ஆண்டுகளுக்கு உலக உரிமை கேட்கிறார். முன்பணம் கிடையாது. 25 சதவீதம் கமிஷனும் செலவும் போக மீதி எங்களுக்காம். படத்தை விநியோகத்துக்குத் தயார் செய்ய நாங்கள் அவரிடம் ஒரு கட்டணமும் கட்ட வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது இருக்கிறபடி போடாதீர்கள்.

கமிஷன் பெரிய விஷயமில்லை; 15 முதல் 25 சதவீதம் வரை கேட்பது வழக்கம்தான். ஆளை விழுங்குவது அந்தச் 'செலவு'. படம் 100க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 25. திரைப்படச் சந்தைக்குப் போன விமான டிக்கெட், ஹோட்டல், ஸ்டால் வாடகை, போஸ்டர் என்று 75 எழுதிவிட்டால் உங்களுக்குப் பூஜ்யம். அதே ஸ்டாலில் அவர் இன்னும் இருபது படங்களை விற்றிருப்பார். வாடகையை இருபது பேர் தலையிலும் முழுசாக எழுதிய கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். செலவுக்கு உச்சவரம்பு என்ன என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். 'நியாயமான செலவுகள்' என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யாருக்கு நியாயம்?

15 ஆண்டும் அதிகம். 5 அல்லது 7 கேளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் குறிப்பிட்ட தொகைக்கு விற்காவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற வரி கட்டாயம். உங்களுக்கு உதவி செய்வதுபோல அவர் பேசுவார், மயங்காதீர்கள். பெரிய நடிகர் இல்லாமலே, போஸ்டரைப் பார்த்ததும் கதை புரிந்து, எந்த மொழிக்காரரும் உட்கார்ந்து பார்க்கிற வகைப் படம் இது. அது அவருக்கும் தெரியும்.

அந்தக் கட்டணம்? கட்டாதீர்கள். விற்றுத் தருகிறவர் விற்ற பிறகு எடுத்துக்கொள்ளட்டும். முன்பே வாங்கிவிட்டால் அப்புறம் அவர் ஏன் விற்க வேண்டும்?

ஆனால் ஒரு செலவை மட்டும் இப்போதே செய்துவிடலாம். வேறு மொழியில் டப் செய்ய வாங்குபவர்கள், வசனம் நீக்கி இசையும் மற்ற ஒலிகளும் மட்டும் உள்ள தடத்தைக் கேட்பார்கள். துறையில் 'எம் அண்ட் ஈ' என்போம். உங்கள் படத்தில் வசனம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் சுலபம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். காற்றின் ஊளை, பனியில் நொறுங்கும் காலடி, பல் தந்தியடிக்கிற சத்தம் எல்லாம் வசனத்தோடு ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால், வசனத்தை எடுக்கும்போது அவையும் சேர்ந்தே போய்விடும். யாராவது வாயைத் திறந்தால் புயல் நின்றுவிடும்! அந்த இடங்களையெல்லாம் ஃபோலி கலைஞரை, அதாவது காலடி போன்ற ஒலிகளை ஸ்டுடியோவில் செய்து பதிகிறவரை, வைத்து மறுபடி நிரப்ப வேண்டும். நடுங்கும் மூச்சு குரலில் சேருமா, ஒலியில் சேருமா என்றொரு சண்டையும் வரும். அதைத் தனித் தடமாக வைத்துவிடுங்கள், வாங்குபவர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். படம் முழுவதும் ஸ்டுடியோவில் டப்பிங் பேசியதென்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரி. எப்படியானாலும் பணத்தை ஒலிக்கூடத்துக்கு நேரடியாகக் கொடுங்கள், கோப்புகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஓடிடி தளங்கள் பெரும்பாலும் தனிநபரிடம் நேரடியாகப் படம் வாங்குவதில்லை. 'இடைத்தரகர் வழியாக வாருங்கள்' என்று கதவை மூடிவிட்டு, தரகர் அடிக்கிற கொள்ளைக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை என்பார்கள். எனக்கு இதில் பொறுமை போய்ப் பல வருடம் ஆகிறது.

சரி, இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஏஜென்ட் போன ஆண்டுகளில் எடுத்த படங்களின் பட்டியலைப் பாருங்கள். இரண்டு தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது கணக்கு வந்தது, எப்போது பணம் வந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.