பழைய மெயின்பிரேம் சர்வர் நிரலில் டிஎல்எஸ் (இணைப்பில் போகும் தரவைக் குறியாக்கும் நெறிமுறை) சேர்க்க நிரலைத் திருத்தித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். நிரலைத் தொடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது இசட்/ஓஎஸ் என்ற ஐபிஎம் மெயின்பிரேம் இயங்குதளத்தில் சாக்கெட் (வலையமைப்பு இணைப்பு முனை) வழியாகப் பேசும், கோபால் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய சர்வர். தணிக்கைக்கு வந்தவர் குறியாக்கம் எங்கே என்கிறார். எழுதியவரோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எங்களுக்கும் இதே கதைதான். (மன்னார்குடி வீட்டிலிருந்து இரவு வேலை பார்க்கிறேன். "கோபால் மேல் யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஒருநாள் தொலைபேசியில் நான் கத்தியதைக் கேட்டு, ராஜகோபால சுவாமிக்கு என்னடா ஆயிற்று என்று எழுந்து வந்துவிட்டார் அம்மா.)

2005-இல் வந்த இசட்/ஓஎஸ் 1.7 முதல் ஏடி-டிஎல்எஸ் என்ற வசதி இருக்கிறது. ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்), குறியாக்கம் எல்லாவற்றையும் இயங்குதளத்தில் வலையமைப்பைக் கவனிக்கும் டிசிபி அடுக்கே பார்த்துக்கொள்ளும். எந்தப் போர்ட்டுக்கு எந்தச் சான்றிதழ், எந்த டிஎல்எஸ் பதிப்பு என்பதை, டிசிபி அடுக்குக்கு விதிகளைத் தரும் பாலிசி ஏஜென்ட் என்ற நிரலின் கோப்பில் எழுதினால் போதும். நிரல் வழக்கம்போலப் படிக்கும், எழுதும். எப்சிடிக்–ஆஸ்கி மாற்றம் (மெயின்பிரேமின் எழுத்துக் குறிமுறையிலிருந்து மற்றக் கணினிகளுடையதற்கு மாற்றுவது) நிரலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அதிலும் குழப்பம் இல்லை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப் 2021-இல் கைவிட்டபோது, நாங்கள் மாற்றியது அந்தக் கோப்பில் இரண்டு வரிகளை மட்டுமே.

உயிரை வாங்குவது குறியாக்கம் அல்ல, கீரிங் (சான்றிதழ்களும் சாவிகளும் இருக்கும் தொகுப்பு). ஐப்பசி அடைமழை, மின்சாரம் போய் மடிக்கணினி இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, கொல்லையில் தவளைகள். சிஸ்லாக் என்ற கணினிப் பதிவேட்டில் 202 என்ற பிழை எண் திரும்பத் திரும்ப வந்தது. கீரிங்கைத் திறக்க முடியவில்லை என்று பொருள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால் முதலில் அதைத் திருத்தினேன். மீண்டும் 202. யாருக்கு எதில் அனுமதி என்பதைக் கவனிக்கும் ராக்எஃப்பில், கீரிங்கைப் படிக்கும் அனுமதியை டிசிபி டாஸ்க்கின் பயனர் பெயருக்குக் கொடுத்திருந்தோம். குறியாக்குவது அதுதானே என்ற நினைப்பு. ஆனால் கீரிங் திறக்கப்படுவது நம் சர்வரின் பயனர் பெயரில். அதற்கு அனுமதி கொடுத்ததும் அடுத்த இணைப்பே ஏறிவிட்டது. அதற்குள் விடிந்து பால்காரரும் வந்துவிட்டார்.

இன்னொன்று: டிசிபி அமைப்பில் ஏடி-டிஎல்எஸ்ஸுக்கான டிடிஎல்எஸ் என்ற அமைவை இயக்கிய பிறகு கணினியை மறுதொடக்கம் செய்தால், பாலிசி ஏற்றப்படும் வரை தனி அனுமதி உள்ள நிரல்களைத் தவிர வேறு எதற்கும் டிசிபி அடுக்கு கிடைக்காது. பாலிசி ஏஜென்டுக்கே அந்த அனுமதி இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் யோசிக்கவில்லை. நல்லவேளை, அது சோதனைக் கணினி.

ஒரே போர்ட்டில் முதலில் வெறுமனே பேசிவிட்டுப் பாதியில் குறியாக்கத்துக்கு மாறும் நெறிமுறை என்றால் மட்டும், எப்போது மாறுவது என்பதை நிரல்தான் ஐஓசிடிஎல் (இயங்குதளத்துக்குக் கட்டளை தரும்) அழைப்பு மூலம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட சர்வராக இருந்தால், ஓய்வு பெற்றவரின் தொலைபேசி எண்ணை இப்போதே தேடத் தொடங்குங்கள்.