அம்மம்மாவின் றங்குப் பெட்டிக்குள் இருந்த பழைய தாள்காசுகளுக்கு என்ன விலை கிடைக்கும்?

எலிசபெத் மகாராணி படம் போட்ட இலங்கை ஒரு ரூபாய்த் தாள்கள் கொஞ்சம், அதே மகாராணியோடு ஒரு நூறு ரூபாய், நடுவில் துளைக்கோடு போட்ட சின்னச் சதத்தாள் ஒன்று, எல்லாம் லட்சக்கணக்கில் போகும் என்று முகநூலில் ஒருவர் சொல்லிவிட்டார், இதுதானே உங்கள் கேள்வி. சரி, அந்த லட்சத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். அதைவிட அவசரமானது, தாள்களைக் கழுவவோ அயன் பண்ணவோ கிழிசலுக்கு டேப் ஒட்டவோ போகாதீர்கள். லமினேட் பண்ணவே வேண்டாம், பண்ணினால் கதை அதோடு முடிந்தது.

நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து சேர்க்கிற ஆள்தான், வியாபாரி இல்லை. பழசு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் காசு தரமாட்டார்கள். எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது, உங்களிடம் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் விலை. 1952, 1954 திகதி போட்ட அந்த ஒரு ரூபாய்கள் கசங்கிய நிலையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதே தாள் ஒரு மடிப்பும் இல்லாமல் சடசடவென்று இருந்தால் பல மடங்கு கூடும்.

நூறு ரூபாய் வேறு கதை. 1970இல் என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, கறுப்புப் பணத்தைப் பிடிக்கவென்று, அப்போது புழக்கத்தில் இருந்த 50, 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்து வங்கியில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின பெரிய தாள் இன்றைக்கும் ஒரு வீட்டில் இருக்கிறது என்றால் யாரோ மறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் காட்ட விரும்பாமல் ஒளித்திருக்க வேண்டும் (உங்கள் அம்மம்மாவைச் சொல்லவில்லை!). வங்கியில் அதற்கு ஒரு சதமும் தரமாட்டார்கள், ஆனால் சேர்ப்பவர்கள் தேடுவது அதைத்தான். அதனால் போலியும் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிங்க உருவம் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும், விரலால் தடவினால் மை கொஞ்சம் மேடாகத் தட்டுப்பட வேண்டும்.

சதத்தாள் அநேகமாக 1942ஆம் ஆண்டுடையது. யுத்த காலத்தில் உலோகத் தட்டுப்பாடு, சில்லறை இல்லை, அதனால் 2 சதமும் 3 சதமும் ஒட்டியபடி 5 சதத்தாள் அடித்தார்கள். தேவைப்பட்டால் துளைக்கோட்டில் கிழித்துத் தனித்தனியாகச் செலவழிக்கலாம். கிழிக்கவென்றே அடித்த தாள் கிழியாமல் இருப்பதுதான் இங்கே பெறுமதி, ஆகவே அதை மடித்துப் பார்த்து விளையாட வேண்டாம்.

நிலையைப் பார்க்க, இரவில் மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துத் தாளை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பெல்லாம் அப்போது கோடாக எழும். மடிப்பே இல்லாத, புழங்காத தாளுக்குச் சேர்ப்பவர்கள் சொல்லும் நிலை யூஎன்சி. நடுவில் மெல்லிய ஒரு மடிப்பு வந்தாலே ஒரு படி இறங்கும், மூன்று மெல்லிய மடிப்பு வரைக்கும் எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன்), அதற்குக் கீழே விஎஃப் (வெரி ஃபைன்), ஃபைன் என்று போகும். பிறகு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளை தேடுங்கள், அந்தக் காலத்தில் தாள்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைப்பது வழக்கம். ஓரம் வெட்டிச் சீராக்கப்பட்டிருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து, தாள்காசுப் பட்டியல் நூலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தாள் வெள்ளையாக இருந்தும் பளபளப்பும் விறைப்பும் இல்லை, மையும் தட்டையாக இருக்கிறது என்றால் யாரோ கழுவி அழுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தாள்களுக்கென்று தனி வருத்தங்களும் உண்டு. இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியவை, டின்னில் போட்டுப் புதைத்தவை, ஓடு உடைந்த வீட்டில் மழைக்கு நனைந்தவை, ஓரம் கறையான் அரித்தவை. பூச்சிக்கென்று வைத்த வேப்பிலை அப்படியே பழுப்புக் கறையாகப் பதிந்திருப்பதையும் பார்க்கலாம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல் ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், அதே திகதி, அதே நிலை உள்ள தாளாக. நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ கேட்டுப் பயனில்லை, அவர்களுக்குத் தங்கம்தான் தெரியும். பெட்டிக்குள் 1998இன் 200 ரூபாய் பிளாஸ்டிக் தாளோ 2009இல் வந்த ஆயிரமோ கிடந்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், நினைவாக வைத்திருப்பவர்கள் ஏராளம்.

நூறு ரூபாயின் இரண்டு பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, தாளின் தொடர் இலக்கத்தில் கடைசி எண்களை மறைத்துவிட்டுக் கீழே போடுங்கள், எந்த நிலை என்று பார்த்துச் சொல்கிறேன்.